தலையைவிடப் பெரிய கழுத்து

மருத்துவமனையில் மாவுக்கட்டு போடுவது அவள் வேலை. எது இறுக்கம், எது தளர்வு என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் அவள் விரலுக்குத் தெரியும். அதனால் நாய்க்குக் கழுத்துப்பட்டை வாங்குவதெல்லாம் அவளுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

யாரோ கைவிட்டுப் போன நாய் அது. கால்நடை மருத்துவர் கெஞ்சியதால் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தாள். நெடுநெடுவென்ற கால்கள், முதுகோடு ஒட்டிய வயிறு, கூரான முகம். பேருந்து ஓட்டிவிட்டு வீடு திரும்பிய கணவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நாய்னு சொல்லிட்டு ஒட்டடைக்குச்சியைக் கூட்டிட்டு வந்திருக்கியே!"

அன்றிலிருந்து அதன் பெயர் ஒட்டடை. குரைக்காது, எதையும் கடிக்காது. சோபாவில் ஏறிப் படுத்தால் சாப்பாட்டுக்குத்தான் இறங்கும். மாடிப்படியைப் பார்த்தாலே உடம்பு நடுங்கும். "சோம்பேறிக்குன்னு ஒரு போட்டி வச்சா, பரிசு வாங்கக்கூட இது எழுந்து போகாது" என்பான் அவன்.

கடையில் சுவர் முழுக்கப் பட்டைகள் தொங்கின. மணி வைத்தது, இருட்டில் மின்னுவது, பூப்போட்டது. அவன் ஆணி பதித்த தடித்த பட்டையைக் கையில் எடுத்தான்.

"பார்த்தா நாலு பேர் பயப்பட வேண்டாமா?"

"இதைப் பார்த்தா? கரப்பான்பூச்சிக்கே வழி விட்டு ஒதுங்குற ஜென்மம் இது."

அவள் மெல்லிய சிவப்புத் தோல் பட்டையைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டில் அதைக் கட்டி, உள்ளே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள். கச்சிதம்.

அடுத்த விடுமுறை நாள் காலை, இருவரும் ஒட்டடையை லாரிகள் நிற்கும் மைதானத்துக்கு நடத்திச் சென்றார்கள். அன்று லாரி ஒன்றுகூட இல்லை. சுற்றிலும் கம்பி வேலி, நடுவே வெறும் மண். காற்று ஓர் அட்டைப்பெட்டியைத் தடதடவென்று உருட்டிக்கொண்டு வந்தது. ஒட்டடை மிரண்டு பின்வாங்கியது. தலையைத் தாழ்த்தி ஒரே இழுப்பு. பூட்டிய பட்டை பூட்டியபடியே அவள் கையிலிருந்த கயிற்றில் தொங்கியது.

"ஐயோ, பிடிங்க!"

பிடிப்பதற்கு அங்கே நாய் இல்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் சாம்பல் நிறமாய் ஏதோ போய்க்கொண்டிருந்தது.

பெயர் சொல்லிக் கத்த அவள் வாயைத் திறந்தாள், ஆனால் கத்தவில்லை. ஏனென்றால் அது தப்பி ஓடவில்லை. அட்டைப்பெட்டி எங்கோ வேலியில் சிக்கிக் கிடக்க, ஒட்டடை ஓடுவதற்காகவே ஓடிக்கொண்டிருந்தது. முதுகு வில்லாக வளைந்தது, நிமிர்ந்தது. நான்கு கால்களும் ஒன்றாகச் சேர்ந்தன, பின் முன்னும் பின்னுமாக நீண்டன. இரண்டு நிலையிலும் ஒரு கால்கூடத் தரையில் இல்லை. வேலியோரம் வளைந்து திரும்பியபோது உடம்பு மண்ணைத் தொடுவதுபோல் சாய்ந்தது. வேகம் இம்மியும் குறையவில்லை. அவர்களைக் கடந்தபோது காலடிச் சத்தம் கேட்கவில்லை. காற்று கிழிபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் சேலைத் தலைப்பு ஒருமுறை எழும்பி அடங்கியது.

எத்தனையோ எலும்புகளைத் தொட்டுப் பார்த்தவள் அவள். எல்லாம் முறிந்த எலும்புகள். எலும்பும் தசையும் சேர்ந்து இப்படியும் ஒன்றைச் செய்யும் என்று அன்றுதான் கண்டாள். கண் நிறைந்து வழிந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை.

கணவன் வாழ்நாளில் பாதியைச் சாலையில் கழித்தவன். வேகம் அவனுக்குப் புதிதல்ல. மெதுவாக மண்ணில் உட்கார்ந்தான்.

ஒட்டடை தானாகவே வந்தது. அவன் மடியில் முகத்தை வைத்து மூச்சு வாங்கியது. அவன் அதன் மார்பில் கை வைத்தான். உள்ளே இதயம் இடி இடித்தது.

"இவ்வளவையும் உள்ள வச்சுக்கிட்டா சோபாவுல படுத்திருந்துச்சு?" என்றான்.

அவள் அந்தப் பட்டையை நம்பாமல், நாயை வாரித் தூக்கிக்கொள்ளக் கணவனிடம் சொல்லி வீட்டுக்கு வந்தாள். டேப்பை எடுத்துக் கழுத்தை அளந்தாள். காதுக்குப் பின்னே தலையை அளந்தாள். தலைதான் சிறியது!

"தப்பு என்னோடதுங்க. கழுத்தை மட்டும் பார்த்தேன், தலையைப் பார்க்கலை."

இம்முறை ஒட்டடையையும் காரில் ஏற்றிக் கடைக்குப் போனார்கள். அகலமான துணிப்பட்டை ஒன்று இருந்தது. உள்பக்கம் மென்மை, ஓரத்தில் சின்னதாக ஒரு வளையம். நாய் இழுத்தால் தலை நழுவாத அளவுக்கு மட்டும் சுருங்கும். இழுக்காவிட்டால் தளர்ந்து கிடக்கும். அவன் அதைத் தன் முழங்கையில் மாட்டிக்கொண்டான்.

"இழு பார்ப்போம். இன்னும் பலமா! ம்... வலிக்கலை. இதுவே போதும்."

ஆணிப்பட்டை இருந்த பக்கம் அவன் திரும்பக்கூட இல்லை.

அதோடு விடவில்லை. தன் பேருந்துப் பணிமனை மேலாளரைக் கேட்டு, மதில் சூழ்ந்த பின்முற்றத்தை விடுமுறைக் காலைகளில் பயன்படுத்த அனுமதி வாங்கினான். முதல் நாள் பட்டையை அவனே கழற்றினான். ஒட்டடை பாய்ந்தது. என்ஜினுக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக்குகள், சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்த ஓட்டுநர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

கடைசியில் ஒருவர் மட்டும், பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லக் கேட்டார்:

"அண்ணே, இது தரையில கால் வைக்குதா, இல்லையா?"