யாரிடம் பயின்றவள்

சனிக்கிழமை காலை, மெல்பேர்னின் கிரெய்கிபர்ன் சமூக மண்டபத்தில் சின்னவர்களின் ஐரிஷ் நடன வகுப்பு முடிந்திருந்தது. தர்ஷனா ஒலிபெருக்கியின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது நௌஃபல் வந்து பக்கத்தில் நின்றார். அவருடைய மகள் அம்னாவுக்கு ஒன்பது வயது. அந்த வகுப்பின் பதினான்கு பிள்ளைகளில் கால் சுத்தமாக விழுவது அவளுக்குத்தான்.

"டீச்சர், ஒண்டு கேக்கணும். கோவிச்சுக்கப்படா."

"கேளுங்கோ."

"நீங்க பரதநாட்டியம் படிச்ச ஆளாமே. வெப்சைட்டில போட்டிருக்கு. நான் புள்ளைய ஐரிஷ் டான்ஸுக்குத்தானே சேர்த்தன். அதச் சொல்லிக் குடுக்கிற ஆள் அதப் படிச்ச ஆளா இருக்கணும்தானே."

தர்ஷனா முதலில் சிரித்தாள். ஆள் மாறிப் பார்த்துவிட்டார் என்றுதான் நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. தொலைபேசியை நீட்டினார்.

'எங்கள் ஆசிரியர்கள்' என்ற பக்கம். முதலில் மொய்ரா டெவ்லின், பள்ளியின் உரிமையாளர், மூன்று தலைமுறை ஐரிஷ் நடனக் குடும்பம். அடுத்தது மொய்ராவின் அண்ணன் மகள் கெய்ட்லின் டெவ்லின், கிரெய்கிபர்ன் கிளையின் முதன்மை ஆசிரியை, சிறு வயது முதல் மொய்ராவிடம் நேரடியாகப் பயின்றவர். கடைசியில், எல்லாரையும் விடச் சிறிய படத்துடன், தர்ஷனா. குடும்பப் பெயர் இல்லை. உதவியாளர். இலங்கையின் கோயில்களில் நான்கு வயது முதல் பரதநாட்டியம் பயின்றவர். தன் தொன்மையான மரபின் தாளத்தை எங்கள் பிள்ளைகளின் கால்களுக்குக் கொண்டுவருகிறார்.

தர்ஷனா அதை இரண்டு முறை வாசித்தாள். காது மடல்கள் சுட்டன.

"இது பொய்," என்றாள். "நான் ஏழு வயசிலை இருந்து ஐரிஷ் டான்ஸ்தான் ஆடுறன். வேற ஒண்டும் எனக்குத் தெரியாது."

"அப்ப ஏன் இப்பிடிப் போட்டிருக்காங்க?"

அதை மொய்ராவிடம்தான் கேட்க வேண்டும். மொய்ரா பள்ளியின் மல்கிரேவ் மண்டபத்தில் இருந்தாள்.

கெய்ட்லின் வாகனத் தரிப்பிடத்தில் காரில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது. பத்து வயதுப் பிள்ளையாக மொய்ரா அவளைத் தர்ஷனாவின் கையில் ஒப்படைத்தபோது அவளுக்கு இடது கால் எது, வலது கால் எது என்று குழப்பம். ரீல் என்ற வேகமான ஆட்டத்தின் தாளத்தில் முதல் எட்டு அடிகளைத் தர்ஷனா அவளுக்கு ஒரு முழுக் குளிர்காலம் சொல்லிக்கொடுத்தாள்.

"இந்தப் பக்கத்தைப் பார்த்தாயா?"

கெய்ட்லின் எட்டிப் பார்த்தாள். "ஆமாம். போன மாதமே போட்டுவிட்டார்களே. உனக்குத் தெரியும் என்று நினைத்தேன்."

"நீ யாரிடம் படித்தாய், கெய்ட்லின்?"

கெய்ட்லின் காப்பிக் கோப்பையின் மூடியை அழுத்தினாள். "அதை எழுதியது நான் இல்லை," என்றாள்.

கிரெய்கிபர்னிலிருந்து மல்கிரேவுக்கு நகரத்தைச் சுற்றி ஒரு மணி நேர ஓட்டம். அந்த ஒரு மணி நேரமும் தர்ஷனா வானொலியைப் போடவில்லை. தலைக்குள் ஓடியது போதுமாக இருந்தது.

மூன்று வயதில் அவள் மெல்பேர்னுக்கு வந்தவள். இலங்கைக் கோயில் எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை. பரதம் பழகியது உண்மை, மெல்பேர்னின் டண்டினொங்கில், மூன்றே மூன்று வாரம். நான்காவது கிழமை அந்த நடன ஆசிரியை அம்மாவை அழைத்து, பிள்ளையின் கை மரக்கட்டை மாதிரி இருக்கிறது, காசை வீணாக்காதீர்கள் என்று மற்றத் தாய்மார் முன்னால் சொன்னாள். ஏழு வயதுத் தர்ஷனாவும் பக்கத்தில் நின்றாள். அதே வருடம் அவளுடைய பள்ளிக்கூடத்தில், பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகளை வைத்திருக்கும் நேரத்தில், ஒரு சிவந்த தலைமுடிக்காரி வந்து ஐரிஷ் நடனம் சொல்லிக்கொடுத்தாள். கைகளை இரண்டு பக்கமும் இறுக்கி வைத்துக்கொள், மேலே ஒன்றும் அசையக் கூடாது, கால் மட்டும் பேசட்டும் என்றாள். அவள்தான் மொய்ரா. அன்று தர்ஷனாவின் கையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய காலைப் பார்த்து மொய்ரா மற்றப் பிள்ளைகளை நிறுத்தி, "இவளைப் பாருங்கள்" என்றாள்.

அந்த மொய்ராதான் இதை எழுதியிருந்தாள்.

ஐரிஷ் நடனச் சங்கத்தின் ஆசிரியர் தேர்வுக்குத் தர்ஷனா நான்கு வருடம் படித்தாள். பகலில் மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் வேலை, பின்னேரத்தில் படிப்பு. முப்பது குழு நடனங்களில் எட்டுப் பேரும் எந்தக் கணத்தில் எங்கே நிற்பார்கள் என்று மனப்பாடம் செய்தாள். இரண்டு வரி இசையைக் கேட்டவுடன் இது ரீல் வகையா, ஜிக் வகையா, எத்தனை அடி என்று சொல்லப் பழகினாள். முதல் தடவை இசைப் பகுதியில் தவறினாள். இரண்டாம் தடவை சிட்னியில், அயர்லாந்திலிருந்து வந்த மூன்று தேர்வாளர்கள் முன்னால், முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு இருபது நிமிடத்தில் ஒரு நடனம் சொல்லிக்கொடுத்துக் காட்டினாள். வீங்கிய கணுக்காலோடு தானும் ஆடினாள். சான்றிதழ் வந்த அன்று மொய்ரா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். கெய்ட்லின் அந்தத் தேர்வுக்கு இன்னும் விண்ணப்பம்கூடப் போடவில்லை.

மொய்ரா மல்கிரேவ் மண்டபத்தின் பின்னறையில் போட்டி உடுப்புகளை அளவு பார்த்து மாட்டிக்கொண்டிருந்தாள். தர்ஷனா கதவைச் சாத்திவிட்டுத் தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

"ஓ, அதுவா," என்றாள் மொய்ரா. "அழகாக வந்திருக்கிறது, இல்லையா? கிரெய்கிபர்னில் உங்கள் ஆட்கள் நிறைய. இந்தியர்கள், இலங்கையர்கள். உன் பின்னணியைப் பார்த்தால் நம்பி வருவார்கள்."

"என் பின்னணி நீங்கள்தான், மொய்ரா. உங்களிடம்தான் படித்தேன். என் சான்றிதழ் எங்கே? அதை ஏன் போடவில்லை?"

"பெயருக்குப் பின்னால் சான்றிதழின் எழுத்துகளைப் போட்டால் பெற்றோருக்குக் குழப்பம்."

"உங்கள் பெயருக்குப் பின்னால் போட்டிருக்கிறீர்களே."

மொய்ரா ஒரு உடுப்பின் கழுத்துப்பட்டியை நீவிவிட்டாள். "கெய்ட்லின் இந்தப் பள்ளியை எடுத்து நடத்தப் போகிறவள். அவளை முன்னால் காட்ட வேண்டும். ஐரிஷ் நடனப் பள்ளி என்றால் மக்கள் ஒரு முகத்தை எதிர்பார்க்கிறார்கள். உலகத்தை அப்படிச் செய்தது நான் இல்லை."

"அவள் தேர்வு எழுதவில்லை. அவளை வைத்து எப்படிக் கிளை நடத்துகிறீர்கள்? சங்கத்தின் விதிப்படி ஒவ்வொரு இடத்திலும் சான்றிதழ் உள்ள ஆசிரியர் வேண்டுமே."

மொய்ரா மாட்டிய உடுப்பைக் கழற்றி மறுபடி மாட்டினாள். அதைப் பார்த்ததுமே தர்ஷனாவுக்கு விளங்கிவிட்டது. போன வருடம், ஒரு போட்டியின் அவசரத்தில், வழமையான படிவங்கள் என்று சொல்லி மொய்ரா நீட்டிய தாள்களில் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"என் பெயரிலா கிளையைப் பதிந்திருக்கிறீர்கள்?"

"காகிதத்தில் மட்டும்."

"காகிதத்தில் நான் ஆசிரியை. பெற்றோருக்கு நான் கோயிலில் ஆடியவள்."

"குரலை உயர்த்தாதே, தர்ஷனா. அந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. உன் அம்மாதான் சொன்னார். ஒரு போட்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது. அவரைப் போய்க் கேள்."

வீட்டில் அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தர்ஷனா கேட்டதும் கத்தியை வைக்காமலே, "ஓம், சொன்னனான்," என்றாள். "அந்தப் பக்கத்தைப் பாத்தனான். எங்கட வாட்ஸ்அப் குறூப்பிலையும் போட்டனான். எல்லாரும் நல்லாயிருக்கு எண்டு சொல்லிச்சினம். என்ன பிழை அதிலை?"

"அம்மா, நான் மூண்டு கிழமை பழகினனான். மூண்டு கிழமை."

"அதை ஆருக்குப் பிள்ளை சொல்லுறது? இருபத்தஞ்சு வருசமா ஒவ்வொரு கலியாண வீட்டிலையும் கேக்கினம். ஏன் எங்கட நடனம் பழக்கேல்லை, ஏன் வெள்ளைக்காரற்றை துள்ளல் ஆட்டம் பழக்கினனீங்கள் எண்டு. நான் என்ன சொல்ல? கை சரியில்லை எண்டு துரத்திவிட்டவை எண்டோ?"

"ஓம். அதைச் சொல்லியிருக்கலாம்."

"என்ரை பிள்ளையை நானே குறைச்சுச் சொல்லோணுமோ?"

"இப்ப என்ன செய்தனீங்கள்? நான் பழகாததைப் பழகினன் எண்டு சொல்லி, பழகினதை இல்லாமல் ஆக்கிப்போட்டியள். நான் சிட்னிக்குப் போய் சோதினை எழுதினது குறூப்பிலை ஆருக்காவது தெரியுமோ?"

அம்மா மீனைப் பார்த்தபடி நின்றாள். "நான் உனக்கு நல்லதுக்குத்தான் சொன்னனான்," என்றாள் மெல்ல.

"மொய்ராவும் அதைத்தான் சொல்லுவா," என்றுவிட்டுத் தர்ஷனா அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். முப்பத்தொரு வயதில் கதவை அடித்துச் சாத்துவது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு தரம் திறந்து சாத்தலாமா என்றிருந்தது.

அன்றே சங்கத்துக்கு எழுதினாள். டெவ்லின் பள்ளியின் கிரெய்கிபர்ன் கிளைக்கு இனித் தான் பொறுப்பில்லை, தன் பெயரை எடுத்துவிடவும். மூன்றே வரி. அனுப்பு என்பதை அழுத்துமுன் நிறுத்தினாள். வசந்தகாலப் போட்டிக்குப் பெயர் கொடுக்க இன்னும் பத்து நாள்தான். அவள் விலகினால் அந்தப் பதினான்கு பிள்ளைகளின் பெயரையும் போட்டிக்கு ஏற்க மாட்டார்கள். அம்னா இரண்டு மாதமாக ஒரே ஒரு திருப்பத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் என்ன பிழை செய்தார்கள்?

அந்தக் கேள்வியை வைத்தே இத்தனை வருடம் தன்னை ஓட்டியிருக்கிறார்கள் என்று பிறகு தோன்றியது. சம்பளம் கூட்டிக் கேட்டபோதும் மொய்ரா பிள்ளைகளைத்தான் காட்டினாள். தர்ஷனா அழுத்தினாள். பிறகு இன்னொரு படிவம் நிரப்பினாள். விக்னராஜா தர்ஷனா என்ற பெயரில் புதிய பள்ளி.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்குமுன் பெற்றோர் எல்லாரையும் இருக்கச் சொன்னாள். கெய்ட்லின் கதவடியில் நின்றாள். தர்ஷனா தயாரித்து வந்த பேச்சு முதல் வசனத்திலேயே மறந்துவிட்டது.

"இந்த வகுப்பு என் சான்றிதழில் நடந்தது," என்றாள் ஆங்கிலத்தில். "அது எனக்கே போன கிழமைதான் தெரியவந்தது. உங்களுக்கு என்னைப் பற்றிச் சொன்னது பொய். நான் இந்தக் கிளையிலிருந்து விலகிவிட்டேன். இந்த வட்டாரத்திலேயே ஒரு பள்ளிக்கூட மண்டபம் கேட்டிருக்கிறேன். வருகிறவர்களின் பெயரைப் போட்டிக்கு நான் கொடுப்பேன். வராதவர்களின் பெயரை என்னால் கொடுக்க முடியாது."

 மாணவி ஒருத்தியின் தந்தை சஞ்சீவ் எழுந்தார். அவருடைய மனைவியும் தர்ஷனாவும் நல்ல சிநேகிதிகள். "இது பிளாக்மெயில் மாதிரி இல்லையா?" என்றார். "உங்கள் சண்டைக்கு எங்கள் பிள்ளைகளா?"

"உங்களுக்கு அப்படித் தெரிந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது," என்றாள் தர்ஷனா.   "இருபத்து நான்கு வருடம் கற்றதை நான்கு வரியில் அழித்திருக்கிறார்கள். நான் மரியாதையாகப் போய் அடுத்த சனிக்கிழமையும் உதவியாளராக வந்து நிற்க வேண்டும் என்கிறீர்களா?"

நௌஃபல் கையைத் தூக்கினார். "சேட்டிபிக்கட்ட கொண்டு வந்தீங்களா, டீச்சர்?"

அவளுக்கு அந்த நிமிடம் அவர்மேலும் கோபம் வந்தது. ஆனாலும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தார். பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார். அது கை மாறி மாறிக் கடைசி வரிசை வரை போனது. கதவடியில் கெய்ட்லினிடமும் வந்தது. அவள் நெடுநேரம் பார்த்தாள். "எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் இவள்தான்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியே போனாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அத்தைக்கு எதிராக அவளால் முடிந்தது அவ்வளவுதான் போலும்.

ஒன்பது பிள்ளைகள் தர்ஷனாவோடு வந்தார்கள். ஐந்து பேர் மொய்ராவின் பள்ளியிலேயே நின்றுவிட்டார்கள். மொய்ரா ஒரு தடவை தொலைபேசி எடுத்து, பக்கத்தைத் திருத்திவிடுகிறேன், எழுத்துகளையும் போடுகிறேன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா என்றாள். "ஏழு வயதில் உன்னைக் கண்டெடுத்தவள் நான்," என்றும் சொன்னாள்.

"அதையாவது எழுதியிருக்கலாமே," என்றாள் தர்ஷனா. தொலைபேசியை வைத்துவிட்டாள்.

போட்டியன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. அம்னா நான்காவதாக வந்தாள். பரிசு மூன்று பேருக்குத்தான். அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு காலணியைக் கழற்றியபோது சஞ்சீவின் மனைவி, தன் மகள் ஆட முடியாத போட்டியைப் பார்க்க வந்திருந்தவள், மகளோடு இரண்டு அடி தூரத்தில் கடந்து போனாள். தர்ஷனா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. மகள்தான் திரும்பிக் கையை அசைத்தாள். தர்ஷனாவும் அசைத்தாள். அந்தப் பழைய கோபம் மறுபடி ஏறியது. இந்தத் தடவை அது யார்மேல் என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

"டீச்சர், அடுத்தது குழு நடனம்," என்று அம்னா கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஓம், வாறன்," என்று தர்ஷனா எழுந்தாள். எட்டுப் பேரையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருத்தியின் தோளையும் தொட்டு நேராக்கினாள்.