நான்காம் வகை

ஆறாவது குழாயின் முடிவும் திரையில் ஏறியபோது தனுஜா கையுறையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

இலங்கை மலையகத்தில், பதுளை ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில், இரத்தத்திலிருக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி எந்த வகை என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. இதுவரை அவள் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் மூன்றாம் வகை. இன்று வந்த ஆறும் நான்காம் வகை. ஆறுமே ஹல்துமுல்லைக்கு மேலே ஒரே தேயிலைத் தோட்டத்தில், போன மாத இரத்தப் பரிசோதனை முகாமில் எடுத்தவை. அது அவள் பிறந்த தோட்டம்.

கை தவறியிருக்கும் என்று எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். மறுபடியும் நான்கு.

"இது மத்திய கிழக்குப் பக்கம் கூடுதலா இருக்கிற வகை," என்றான் கூட வேலை செய்யும் நிஸாம். "ஆரும் அங்க போய் வந்திருப்பாங்களோ?"

 தனுஜாவின் அக்கா ஜெயந்தினி சவுதியில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்து நான்கு வருடம். அங்கே ஒரு ஆபரேஷனும் நடந்து, இரத்தமும் ஏற்றியிருந்தார்கள். முகாம் நடந்த அன்று மலையில் கொழுந்து அதிகம், அக்கா போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் அக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முட்டிக்கு யாருகிட்டக்கா மருந்து எடுக்குற?"

"கனகசபை அண்ணன்தான். சாயங்காலம் அவரு வீட்ல வரிசையா நிப்போம். ஒரு ஊசி போட்டா மறுநாள் பெரட்டுல பேர் குடுத்து வேலைக்குப் போயிரலாம்."

"ஒவ்வொருத்தருக்கும் புது ஊசியா?"

அக்கா யோசித்தாள். "மருந்துதான் புதுசு. ஊசிய சுடுதண்ணியில அலசிக்குவாரு. ஏன் கேக்குற?"

தனுஜா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒரு கிருமிக்கா. ஈரல்ல போய் உக்காந்துக்கும். வருஷக்கணக்கா ஒன்னும் காட்டாது. உன் ரத்தத்த பாக்கணும்."

அக்கா கையை நீட்டினாள்.

திங்கட்கிழமை மாலை முடிவு வந்தது. நான்காம் வகை.

அப்போதே கூடத்துக்குப் பொறுப்பான டொக்டரிடம் போயிருக்க வேண்டும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று வகையை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அது தனுஜாவுக்குத் தெரியும். லயத்துக்குத் தெரியாது. சவுதிக்காரி கொண்டுவந்த சீக்கு என்று ஒரே வார்த்தையில் அக்காவை முடித்துவிடுவார்கள். ஏழு அறிக்கைகளையும் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். செவ்வாய் போனது. புதனும் போனது. ஊசியைப் பற்றியும் அவள் வாய் திறக்கவில்லை.

வியாழன் காலை அதற்கு மேல் தாங்காமல் டொக்டரிடம் முடிவுகளையும் ஊசியையும் பற்றிச் சொன்னாள்; பூட்டி வைத்திருந்ததை மட்டும் சொல்லவில்லை. மதியமே சுகாதார அதிகாரிகள் போய்க் கனகசபையின் வீட்டைப் பூட்டினார்கள். அடுப்பங்கரையில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் மூன்று ஊசிகள் கிடந்தனவாம். அவன் பட்டம் இல்லாத வைத்தியனாக இருபது வருடம் ஓட்டியிருந்தான். கடைசியாக ஊசி போட்டது முந்தின நாள் மாலை, ஒன்பது பேருக்கு.

அவள் பயந்தது போலவே லயம் பேசியது. அக்காவின் பெயரை யாரும் வெளியிடவில்லை. ஆனாலும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் நகர்ந்தார்கள். அக்கா பன்னிரண்டு வாரம் மாத்திரை விழுங்கினாள். கிருமி போய்விட்டது. முகாமில் கண்ட ஆறு பேரில் இராமையா என்ற கிழவருக்கு ஈரல் ஏற்கெனவே கெட்டிருந்ததால் அவர் பிழைக்கவில்லை.

கனகசபையின் வீட்டைப் பூட்டி இரண்டு மாதம் கழித்து, கடைசியாக ஊசி போட்டுக்கொண்ட அந்த ஒன்பது பேரின் இரத்தமும் மறுபடி வந்தது. ஒரு குழாயில் மட்டும் நான்காம் வகை. ஆர்த்திகா, வயது பத்தொன்பது. முகாமில் அவள் இரத்தம் சுத்தமாக இருந்தது.

அறிக்கை வாங்க அவளே வந்தாள்.

"மாத்திரை இருக்கு, கொணமாயிரும்," என்றாள் தனுஜா.

"டொக்டரும் சொன்னாருங்க. ஆனா நான் கனகசபை அண்ணன்கிட்ட ஒரே ஒரு தடவதான் போனேன். அந்தப் புதன்கிழம, காய்ச்சலுக்கு. அதிகாரிங்க ஒருநாள் முந்தி வந்திருந்தாங்கன்னா..."

 தனுஜா பேசாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"திங்கக்கிழமையே எனக்குத் தெரியும்," என்றாள். "எங்க அக்காவுக்காக நாந்தான் சொல்லாம வச்சிருந்தேன்."

ஆர்த்திகா அவளையே பார்த்தாள்.  அறிக்கையை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"இத யாருகிட்டங்க சொல்லணும்?" என்று கேட்டாள்.

தனுஜா எழுந்து, ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான பெரிய டொக்டரின் அறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.