இடுப்பெலும்பை அழைத்து வந்தது

எங்கள் ஊரில் மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடும். என் இடுப்பெலும்பு போன செவ்வாய்க்கிழமை முசிறிக்கு பஸ் ஏறியது. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். கல்யாணமான நாள் முதல், எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, நின்றபடியே சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தின்றவள் நான். மாதவிடாய் இருந்தவரை அது பொறுத்துக்கொண்டது.

எலும்பு இருந்த இடத்தில் என் கணவர் வேலாயுதம் ஒரு போர்வையைச் சுருட்டி வைத்தார். நல்ல மனிதர்தான், போர்வை மடிக்கத்தான் தெரியாது. நான் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றேன். சாயங்காலம் முசிறியிலிருந்து அண்ணி சௌந்தரம் போன் செய்தாள்.

"உன் இடுப்பெலும்பு நல்லபடியா வந்து சேந்துருச்சு. ரெண்டு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடிச்சிட்டு வெயில்ல உக்காந்திருக்கு. கவலப்படாத."

எப்படிக் கவலைப்படாமல் இருப்பது? எதிர்வீட்டுக் கனகாவின் முழங்கால் எலும்பு கரூரில் பழகிப்போய் அங்கேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து கனகாவுக்கு நாற்காலிதான் கதி.

கோபித்துப் போன பெண்ணை எப்படி அழைப்போமோ அப்படித்தான் எலும்பையும் அழைக்க வேண்டும். வேலாயுதம் தாம்பூலத் தட்டோடு போனார். கூடவே அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கிப் போனதுதான் தப்பு. எலும்பு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதாம். அங்கிருந்து போன் செய்தார்.

"எள்ளுருண்டையில்ல வாங்கியாந்திருக்கணும்ங்குது. முருங்கக்கீரை, மோரு, நெத்திலிக் கருவாடு எல்லாம் உண்டான்னு கேக்குது. சாயங்காலத்துல நீ நடக்கணுமாம்."

"எல்லாத்துக்கும் சரின்னு சொல்லுங்க."

"இன்னொண்ணு. நீ மொதப் பந்தியில உக்காந்து சாப்பிடணுமாம்."

"அது எப்படிங்க? வீட்டுல மத்தவங்க இருக்கும்போது..."

அவர் அந்தப் பக்கம் திரும்பி எலும்பிடம் கேட்டார். "அப்ப இங்கயே இருந்துக்கிறேங்குது" என்றார்.

போனை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு இலை போட்டேன். மகன் பசியோடு வாசற்படியில் காத்திருந்தான். நான் சரிந்தபடியே உட்கார்ந்து, போனை வாயருகே வைத்துக்கொண்டு கீரையை மென்றேன். முசிறியில் எலும்பு கேட்டுக்கொண்டிருந்தது. முதல் கவளத்தை மகனைப் பார்த்தபடியே விழுங்கினேன். அடுத்தது ருசித்தது. பிறகுதான் எனக்கு எவ்வளவு பசி என்று தெரிந்தது. கறிவேப்பிலையைக்கூட விடவில்லை.

"கிளம்புதாம்" என்றார் வேலாயுதம்.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். கண்டக்டர் எலும்புக்கு மகளிர் டிக்கெட் கொடுத்திருந்தார். போர்வையை எடுத்துவிட்டு அதை உள்ளே வைத்தோம். கொஞ்சம் கனம் கூடியிருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. நேராக நின்று, வெட்கமில்லாமல் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், வாசலில் அண்ணியின் தோள்பட்டை எலும்பு தயங்கி நின்றது. பிறந்த வீட்டுக்குப் போகாமல் என் எலும்பின் பின்னாலேயே வந்திருக்கிறது. என் எலும்புக்குக் கூழ் காய்ச்சி ஊற்றிவிட்டு, அண்ணி பானையைக் கழுவித்தான் குடித்திருக்கிறாள்.

"உள்ள வா" என்றேன்.

பக்கத்தில் இன்னொரு இலை போட்டேன். மகனையும் கணவரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அது கருவாட்டுக் குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டது.