சேற்றைத் துடைத்த பிறகும்

கிழக்கே மேகம் கறுத்து வந்த நேரத்தில், சம்பா வயலின் நடுவே அறுவடை மிஷின் நின்றுவிட்டது. சென்சாரில் அப்பியிருந்த சேற்றைப் பூர்ணிமா துடைத்துவிட்டாள். ஆனாலும் கம்பெனி ஆள் வந்து சாஃப்ட்வேர் பூட்டை எடுத்தால்தான் ஓடும் என்றது திரை. அவர் போனையே எடுக்கவில்லை.

"லீவு நாள்லகூட ஊருக்கெல்லாம் சும்மா சாஃப்ட்வேர் எழுதித் தர்ற வள்ளலாச்சே, இதைத் திற பாப்போம்," என்றான் கணவன் ராஜ்குமார்.

"உள்ள என்ன எழுதியிருக்குன்னு கம்பெனிக்காரங்க பாக்கவே விடமாட்டாங்க."

"நம்ம மிஷின்டி!" அவன் குரல் உடைந்தது.

தான் எழுதுவதை ஏன் எல்லோரும் பார்த்துத் திருத்திக்கொள்ளும்படி திறந்து வைக்கிறோம் என்று அவளுக்கே இதுவரை சொல்லத் தெரிந்ததில்லை. இப்போது புரிந்தது: விளைந்த நெல்லைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எவரும் இப்படி இன்னொருவர் தயவுக்காக நிற்கக் கூடாதே என்ற பயத்தில்தான் எழுதியிருக்கிறாள்.

தூறல் விழுந்தது. அறுத்து முடியாதென்று தெரிந்தே அவள் அரிவாளோடு இறங்கினாள்.