திட்டு நிற்கக்கூடாது

மூன்றாம் மாடியிலிருந்து அந்த இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜை இருவர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே நின்று, அதைச் சுற்றிக் கட்டிய பட்டையைப் பிடித்திருந்தவனுக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் கண்ணாடிச் சாமான். வீட்டுச் சாமான் தூக்கிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடக் கேவலமான பெயர் உண்டா? போன வருடம் ஒரு பீரோவோடு சரிந்து முதுகு போனதிலிருந்து அப்படித்தான். அதை நழுவவிட்டவன் அவன்தான் என்று முதலாளி தீர்ப்புச் சொல்ல, பாவம், அவனே அதை நம்பிவிட்டான். இன்னொரு தடவை ஏதாவது ஆனால் வேலை போய்விடும்.

கீழே தாங்கி இறங்கியவன் அவன் மனைவியின் அண்ணன், பயில்வான். வயிற்றில் கட்டம் கட்டமாகச் சதை. கண்ணாடியைக் கண்டால் சட்டையைத் தூக்கிப் பார்க்காமல் நகரமாட்டான்.

"பாத்து மாப்ள, முதுகு உடைஞ்சிடப் போகுது" என்று சிரித்துக்கொண்டேதான் படிக்கட்டின் திருப்பத்துக்கு வந்தான். அங்கே கால் வழுக்கியது. கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே கணுக்கால் சிக்கிக்கொள்ள, சுவரோடு சாய்ந்து விழுந்தான். ஃப்ரிட்ஜ் நேரே அவன் நெஞ்சுக்கு வந்து நின்றது. அதை நிறுத்தி வைத்திருந்தது மேலே இருந்த பட்டை ஒன்றுதான்.

"டிரைவர்!" என்று கத்தினான் கண்ணாடிச் சாமான். தெருவில் வண்டியின் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்ததில் அவர் காதில் விழவில்லை.

பல்லைக் கடித்து மூச்சை அடக்கினான். உடனே முதுகில் பழைய இடம் சுருக்கென்றது. ஃப்ரிட்ஜ் ஒரு விரல் இறங்கியது.

"ஐயோ, மாப்ள!"

பிசியோதெரபி அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்: வயிற்றை இறுக்கு, மூச்சை அடக்காதே, பேசிக்கொண்டே செய், பேச்சு நின்றால் மூச்சு நின்றது என்று அர்த்தம். முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நிறுத்திக்கொண்டும், மல்லாந்து படுத்து வலது கையையும் இடது காலையும் மெல்ல இறக்கிக்கொண்டும் தினமும் எதைத்தான் பேசுவது? மச்சானைத் திட்டினான். மனைவி துணி மடித்தபடி, "எங்கண்ணன் புண்ணியத்துல உங்க இடுப்பு இரும்பாயிடும்" என்பாள்.

இப்போதும் வயிற்றை இறுக்கி வாயைத் திறந்தான். அதே பாட்டுதான் வந்தது.

"என் புதுச் செருப்பை மாட்டிட்டுப் போனவன்தானே நீ! இன்னைக்கு வரைக்கும் திருப்பித் தந்தியா?"

"இப்ப எதுக்கு மாப்ள அது?"

"வீட்டுக்கு வந்தா ரிமோட்டை விடமாட்ட! எனக்கு எடுத்து வச்ச சோத்தையும் முழுங்கிட்டுப் போவ! வயித்தைக் காட்டியே ஊரை ஏமாத்துற!"

ஃப்ரிட்ஜ் அசையவில்லை. பயில்வானுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "பேசு மாப்ள, நிறுத்தாத!"

பேசினான். ஆனால் திட்டுக்கும் ஒரு அளவு உண்டல்லவா? தொண்டை வறண்டது, சரக்கு தீர்ந்தது. பட்டை உள்ளங்கையில் நழுவத் தொடங்கியது.

"உன் சைக்கிளை ஒடைச்சது நான்தான்! அதுக்குத் திட்டு!"

"அது தெரியும்டா" என்று முனகியவன் மறுபடி அடங்கிப்போனான். இன்னொரு விரல் இறங்கியது. பயில்வானுக்கு மூச்சு முட்டியது.

"பீரோ!" என்று அலறினான். "அன்னைக்கு பீரோவை விட்டது நான்தான்! பயந்து போய் முதலாளிகிட்ட உன் பேரைச் சொல்லிட்டேன்! திட்டு மாப்ள!"

மேலே சத்தமே இல்லை.

புரண்டு படுக்க முடியாமல் கிடந்தது, மகள் தூக்கச் சொல்லிக் கை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது, எல்லாம் கண்ணாடிச் சாமானின் நெஞ்சில் வந்து அடைத்தது. கையை விட்டால் போதும். யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை, இவன் முதுகின் லட்சணம்தான் எல்லோருக்கும் தெரியுமே.

பயில்வான் கண்ணை மூடிக்கொண்டான்.

"அடப்பாவி!"

அடிவயிற்றிலிருந்து வந்த குரல். படிக்கட்டே அதிர்ந்தது. "துரோகி! நீயாடா! ஒரு வருஷமா என் புள்ளையத் தூக்கலைடா நான்!" பட்டை இறுகியது. திட்டு நிற்கவே இல்லை.

ஏதோ அடிதடி என்று விலக்கிவிட ஓடி வந்தார் டிரைவர். அவர் கீழே தோள் கொடுக்க, இருவருமாக ஃப்ரிட்ஜைத் திருப்பத்தில் நிறுத்தினார்கள்.

பயில்வான் வீங்கிய காலோடு படியில் உட்கார்ந்திருந்தான். "முதலாளிகிட்ட நானே சொல்லிடறேன்" என்றான், தலை நிமிராமல்.

"சொல்லு. நாளைக்குக் காலைல வீட்டுக்கும் வா. கால் வீங்கினா என்ன, மல்லாந்து படுக்கத்தானே போற?" கண்ணாடிச் சாமான் பட்டையைச் சுருட்டினான். "வயித்தை இறுக்கிட்டு நீ பேசு. இதே கதையை, முதல்ல இருந்து. உன் தங்கச்சி பக்கத்துல உக்காந்து கேப்பா."