ஸ்ரீராமஜெயம் நோட்டில் உதைக் கணக்கு

கருவிலேயே குழந்தை இறப்பதைத் தடுக்கும் சட்டம் அமலுக்கு வந்த திங்கட்கிழமையிலிருந்து, மயிலாப்பூரில் சான்ட்ராவின் வயிற்றிலிருந்த குழந்தை உதைக்கும்போதெல்லாம் எதிர்வீட்டு விசாலாக்ஷி மாமியின் காலிங் பெல் அடித்தது. முதல் நாள் மாமி பதினேழு தடவை எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். ஒயரைப் பிடுங்கிய எலெக்ட்ரீஷியன், அப்புறமும் அது அடிப்பதைக் கேட்டுவிட்டு, சுவரில் ஈரம் என்று சொல்லி நழுவினான். வாசலில் பேசிக்கொண்டிருந்த சான்ட்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்ட கணமெல்லாம் பெல் அடித்ததைப் பார்த்து மாமிதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள்.

சட்டம் சொன்னது இரண்டே விஷயம். ஏழாம் மாதம் முதல் உதைகளைக் குறித்து வைக்க வேண்டும். உதை குறைந்துவிட்டது என்று வரும் பெண்ணை எந்த ஆஸ்பத்திரியும் நாளைக்கு வா என்று அனுப்பக் கூடாது. அப்படி அனுப்பியதில்தான் சான்ட்ரா முதல் குழந்தையை இழந்திருந்தாள். கணக்கு டீச்சரான அவளால் இப்போது பத்து வரை எண்ண முடியவில்லை. ஆறு வந்ததும் பயத்தில் விட்டுப்போகும். எண்ணுகிற வேலையை மாமியே எடுத்துக்கொண்டாள். தினமும் ஸ்ரீராமஜெயம் எழுதும் நோட்டு கையிலேயே இருந்ததால், ஒரு பெல்லுக்கு ஒரு ஸ்ரீராமஜெயம், பக்கத்தில் நேரம். சாந்தோம் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கப்போகிற குழந்தை, பிறப்பதற்குள் இரண்டாயிரம் ஸ்ரீராமஜெயத்தைத் தாண்டிவிட்டது.

ஒன்பதாம் மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி வரை நோட்டில் இரண்டே வரி. மாமி புளி கரைத்த கையோடு எதிர்வீட்டுக்கு ஓடினாள். சான்ட்ராவின் கணவன் நோயல் வேலைக்குப் போயிருந்தான். குழந்தை தூங்குகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்த சான்ட்ராவை மாமி ஆட்டோவில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்தவர் உதைப் பதிவு அட்டையைக் கேட்டார். மாமி நோட்டை நீட்டினாள்.

“இன்னா மாமி, சாமி நோட்டா கீது?”

“அட்டை இன்னும் வரலைன்னு நீங்கதானே போர்டு மாட்டியிருக்கேள்? சட்டம் எண்ணச் சொல்லித்து, எண்ணிண்டு வந்திருக்கேன். நேத்திக்கு நாப்பத்தோரு ராமர், இன்னிக்கு ரெண்டு. இவளைப் பாக்காம நான் ஆத்துக்குப் போறதா இல்லை.”

மஹ்விஷ் என்ற நர்ஸ் நோட்டை வாங்கி நேரங்களை மட்டும் பார்த்தாள். உடனே சக்கர நாற்காலியை இழுத்து வந்தாள். கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்த பெண் குழந்தையைப் பதினொன்றே முக்காலுக்கு வெளியே எடுத்தார்கள். அது அழுதது. சான்ட்ரா அதைவிடச் சத்தமாக அழுதாள். அந்நேரம் பூட்டியிருந்த மாமி வீட்டில் பெல் நிற்காமல் அடித்ததாக மாடிவீட்டு ஸ்ரீரங்கன் புகார் சொன்னார்.

குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. அது உதைக்கும்போதெல்லாம் பெல் அடிக்கிறது. மாமியைப் பார்க்க வருகிறவர்கள் கதவைத் தட்டுகிறார்கள். பெல்லுக்கு மாமி எழுந்திருப்பதில்லை. ரொம்ப நேரம் அடிக்காமலிருந்தால் மட்டும் எதிர்வீட்டுக்குப் போய், தூங்குகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறாள்.