சந்தனத்தில் விழுந்த கோடு

எனக்குப் பயம் அதிகம் என்பது எங்கள் ஊர் லிட்கம் முழுவதற்கும் தெரியும். லிப்டில் ஏறப் பயம், காஸ் அடுப்பைப் பற்றவைக்கப் பயம். என் கணவர் ஸ்ரீகாந்தன் இதைச் சொல்லிச் சொல்லியே பல வீடுகளில் சிரிப்பு வாங்கியிருக்கிறார். கண்டதற்கெல்லாம் பயந்த நான், பயப்பட வேண்டிய நேரத்தில் மட்டும் பிள்ளையின் கையில் அடித்தேன்.

2011 தை மாதப் பள்ளி விடுமுறைக்கு அவர் ஒரு காரவன் வாங்கினார். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகும் சின்ன வீடு. இரண்டு கட்டில், ஒரு மேசை, சமைக்கக் கைக்குட்டை அளவில் ஒரு குசினி. பெனிரித்தில் யாரோ வைத்திருந்து விற்ற பழையது. ஆனால் காரோடு கொழுவுகிற முன்பக்கத்து இரும்புச் சட்டங்கள் இரண்டுக்கும் புதுக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தார்கள்.

"பாரும், எவ்வளவு கவனமா வச்சிருந்திருக்கிறான்," என்றார் இவர். மனுசர் கணக்காளர். இரும்பைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவருக்கும் தெரியும்.

வாங்கிய கையோடு மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்தோம். காரின் முன்பக்கத்தில் பொட்டு வைத்த ஐயரை நான்தான் அதோடு விடவில்லை. "ஐயா, இந்தச் சட்டத்துக்கும் நல்லாப் பூசுங்கோ. முழுப் பாரத்தையும் இதுதானாம் தாங்குறது."

அவரும் குறை வைக்காமல் இரண்டு சட்டத்திலும் சந்தனத்தைத் தடிப்பாக அப்பிக் குங்குமமும் வைத்தார். எங்கள் மகள் தாரகாவுக்கு ஏழு வயது. காய்ந்ததைக் கண்டால் சுரண்டாமல் இருக்கமாட்டாள். அன்றைக்கே நகத்தை வைக்கப் போனவளை அதட்டினேன். "சாமிச் சந்தனம்! தொடாதை!"

முதல் பயணம் மெல்பேணுக்கு. மல்கிரேவில் என் தம்பி ஜசிந்தன் புது வீட்டுக்குக் குடிபூரல் வைத்திருந்தான். நான் காரவனுக்குள் சமையல் கிடாரங்களை ஏற்றினேன், அரிசி மூட்டைகளை ஏற்றினேன், குத்துவிளக்கையும் விடவில்லை.

"மெல்பேணில அரிசி விக்கிறேல்லையோ?" என்று இவர் கேட்டார். நான் காது கொடுக்கவில்லை.

கோல்பேர்ன் தாண்டி, வண்டிகள் இளைப்பாறுகிற ஓரிடத்தில் நிறுத்தினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. தாரகா வழியெல்லாம் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்துக் களைத்திருந்தாள். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது அவள் சட்டத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"அம்மா, லுக். இதில ஒரு கோடு."

குனிந்து பார்த்தேன். ஒரு பக்கத்துச் சட்டத்தில், சந்தனத்துக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாக மயிரிழை மாதிரி ஒரு கோடு. அவள் அதன் வழியே நகத்தை ஓட்டத் தொடங்கினாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பட்டென்று கையில் ஒன்று போட்டேன்.

"சந்தனம் காய்ஞ்சா வெடிக்கும்தானே! சாமிச் சந்தனத்தில நகம் வைக்காதை எண்டு எத்தினை தரம் சொல்றது?"

அழுதுகொண்டே காரவனுக்குள் ஏறிப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

"எழுப்பினா திரும்பச் சத்தி எடுப்பாள்," என்றார் இவர். "அடுத்த ஊர் யாஸ் கிட்டத்தான். அங்க போகுமட்டும் உள்ளுக்கே கிடக்கட்டும்."

ஓடுகிற காரவனுக்குள் ஆள் இருக்கக்கூடாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "மெதுவா ஓடுங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டு நான் காரில் ஏறினேன்.

நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லொறி எங்களை முந்திக்கொண்டு போனது. அதன் காற்றில் காரவன் ஒருமுறை ஆடியது. ஆட்டம் நின்ற பிறகு பின்னால் ஒரு சத்தம் தொடங்கியது. துருப்பிடித்த கதவை யாரோ மெல்லத் திறப்பது போல. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். காரவனின் முன்மூலை ஒன்று பதிந்து கிடந்தது.

அப்போதுதான் எனக்கு மற்றப் பக்கத்துச் சட்டம் நினைவுக்கு வந்தது. அங்கேயும் அதே சந்தனம், அதே வெயில். அது வெடிக்கவில்லை. காய்ந்து வெடிப்பதென்றால் இரண்டும் அல்லவா வெடிக்க வேண்டும்?

"இஞ்சேருங்கோ," என்றேன். "நிப்பாட்டுங்கோ. அந்தக் கோடு சந்தனத்தில இல்லை. இரும்பில."

அவர் பிரேக்கில் கால் வைத்தார். பின்னால் டமார் என்று இடித்தது.

"பிரேக் அடிக்காதேங்கோ! பிள்ளை உள்ளுக்கு!"

அவர் காலை எடுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிறலை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிரேக் அடித்தால் முறியும், அடிக்காவிட்டாலும் முறியும். எனக்கு முருகா என்று கூப்பிடக்கூட வரவில்லை. பிள்ளையின் பெயர்தான் வந்தது.

வேகம் குறைந்துகொண்டு வந்தபோது சட்டம் முறிந்தது. காரவனின் மூக்கு தார் ரோட்டில் உரசித் தீப்பொறி பறந்தது. காரையும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் புல்லில் சரிந்து நின்றது.

ஓடினேன். காஸ் மணம் மூக்கில் அடித்தது. சிலிண்டர் அந்தச் சட்டத்தின் மேல்தான் இருந்தது. அடுப்புப் பற்றவைக்கப் பயந்த நான் அதைத் தாண்டிப் போய்க் கதவைப் பிடித்து இழுத்தேன். கூடு முழுக்க முறுகிக் கதவு இறுகிப்போயிருந்தது. "தாரகா! தாரகா!" உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

பின்னால் வந்த வெள்ளைக்கார லொறிச் சாரதி ஓடிவந்து சிலிண்டரைத் திருகி மூடினான். அவனும் இவருமாக யன்னலைக் கழற்றி எடுத்தார்கள். நான் தலையை நுழைத்து உள்ளே விழுந்தேன்.

கட்டில் முழுக்க அரிசி. நான் ஏற்றிய மூட்டைகள் வெடித்து, கிடாரம் அவள் தலையணையில் கவிழ்ந்து கிடந்தது. கையால் அள்ளி அள்ளி எறிந்தேன். போர்வை வந்தது, அவளுடைய ஒரு செருப்பு வந்தது, பிள்ளை வரவில்லை. அந்த நேரம் நான் செத்துத்தான் போனேன். அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மேசைக்குக் கீழே இருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையெல்லாம் அரிசியோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு. வாரி எடுத்து வெளியே கொடுத்தேன். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வாய் திறக்கவில்லை.

"முருகன் காப்பாத்திப்போட்டான்," என்று இவர் புல்லில் குந்தியிருந்து அழுதார்.

நான் முறிந்த சட்டத்தைப் பார்த்தேன். முறிவில் பெரும்பகுதி பழைய துரு. ஓர் ஓரம் மட்டும் புதிதாக மினுங்கியது. நாங்கள் வாங்க முதலே அது வெடித்துத்தான் இருந்திருக்கிறது. பெனிரித்துக்காரன் பெயின்றால் மூடினான், அதன் மேல் நான் சந்தனத்தைப் பூசுவித்தேன்.

"காட்டினவன்," என்றேன் இவரிடம். "முருகன் முதலே பிள்ளைக்கு அந்தக் கோட்டைக் காட்டினவன். நான்தான் கையில அடிச்சனான்."

தாரகா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"நான் உடைக்கேல்லை, அம்மா. ப்ராமிஸ். நீங்க அடிச்ச பிறகு நான் தொடவேயில்லை."

அவளை இழுத்துக்கொண்டுபோய் முறியாத சட்டத்துக்கு முன்னால் மண்டியிட்டேன். "தொடு பிள்ளை. சுரண்டு. அம்மா சொல்றன், முழுக்கச் சுரண்டு."

அவள் தொடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.